ஆழம் தெரியாமல் காலை விடாதே: சர்க்கரையில் எரியும் மின்கலங்களும் நொதிகளைத் திருத்தும் வேலையும்

மாண்புமிகு துணைவேந்தர் அவர்களே, விழாவுக்குத் தலைமை ஏற்றிருக்கும் கல்லூரி முதல்வர் அம்மா அவர்களே, உயிர்வேதியியல் துறைத் தலைவர் அவர்களே, விடைத்தாள் திருத்தும் வேலையை ஒத்திவைத்துவிட்டு வந்திருக்கும் பேராசிரியப் பெருமக்களே, மாணவச் செல்வங்களே, பின்வரிசையில் நிற்கும் ஆய்வக உதவியாளர்களே, அனைவருக்கும் வணக்கம். ஆய்வக உதவியாளர்களுக்கு மட்டும் தனியாக இன்னொரு வணக்கம். காரணத்தைப் பிறகு சொல்கிறேன்.

சர்க்கரையை எரிபொருளாக்கி, நொதிகளின் உதவியால் மின்சாரம் தரும் மின்கலங்களைப் பற்றி மூன்று செய்திகள் சொல்ல வந்திருக்கிறேன். சர்க்கரையிலிருந்து எலக்ட்ரானைப் பிடுங்கும் நொதி ஒன்று. அதை ஆக்சிஜனிடம் சேர்க்கும் நொதி இரண்டு. நொதியைப் பிரித்தெடுக்காமல் முழு பாக்டீரியாவையே வேலைவாங்கும் முறை மூன்று.

‘ஆழம் தெரியாமல் காலை விடாதே’ என்பார்கள் பெரியவர்கள். இந்தத் துறையில் அந்த ஆழத்தை நானோமீட்டரில் அளக்கலாம். குளுக்கோஸ் ஆக்சிடேஸ் என்ற நொதியில் எலக்ட்ரானைக் கையில் வைத்திருப்பது எஃப்ஏடி என்ற துணைமூலக்கூறு. அது புரதத்தின் அடிவயிற்றில் புதைந்து கிடக்கிறது. புரதத்துக்குள் எலக்ட்ரான் ஒரே தாவலில் கடக்கக்கூடிய தூரம் சுமார் 1.4 நானோமீட்டர்தான். எலக்ட்ரானை வாங்கிக்கொள்ளும் மின்வாய் (எலக்ட்ரோடு) அதைவிடத் தள்ளி இருந்தால் மின்சாரம் வராது. இன்னொரு தொல்லையும் உண்டு. அருகில் ஆக்சிஜன் இருந்தால் எலக்ட்ரானை அது தட்டிக்கொண்டு போய், ஹைட்ரஜன் பெராக்சைடாக மாறி, நொதியையே அரிக்கிறது.

இந்த இடத்தில் திராட்சைப்பழக் கதையைச் சொல்லியே ஆக வேண்டும். 2003ஆம் ஆண்டு. ஆஸ்டினில் உள்ள டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் ஆடம் ஹெல்லர் குழுவினர் இரண்டு கார்பன் இழைகளை எடுத்தார்கள். தடிமன் 7 மைக்ரோமீட்டர். நம் தலைமுடியே அதைவிடப் பல மடங்கு தடிமன். நீளம் 2 சென்டிமீட்டர். ஓர் இழையில் குளுக்கோஸ் ஆக்சிடேஸ்; மற்றதில், அதாவது கேத்தோடில், எலக்ட்ரானை ஆக்சிஜனிடம் சேர்க்கும் பிலிருபின் ஆக்சிடேஸ் நொதி. இரண்டு நொதிகளையும் ஆஸ்மியம் என்ற உலோகம் கோத்த பாலிமர் கூழில் பதித்தார்கள். புதைந்த எலக்ட்ரானுக்கு அந்த ஆஸ்மியம்தான் படிக்கட்டு. பெட்டி இல்லை, இடைச்சவ்வு இல்லை. இழைகளை நேராக ஒரு திராட்சைப்பழத்துக்குள் குத்தினார்கள். பழச்சாறே எரிபொருள்! 0.52 வோல்ட்டில் 2.4 மைக்ரோவாட் கிடைத்தது. அதுவும் எப்போது? கேத்தோடு இழை பழத்தோலை ஒட்டி இருந்தபோது. பழத்தின் நடுப்பகுதிக்குத் தள்ளினால் திறன் குறைந்தது. சர்க்கரை எங்கும்தான் இருக்கிறது; ஆக்சிஜன்தான் தோலருகே அதிகம். ஒரே பழத்துக்குள்ளேயே ஆழம் தெரிந்து காலை விட வேண்டியிருக்கிறது பாருங்கள்.

அதே ஆண்டு ஜெருசலேமில் இடாமர் வில்னர் குழுவினர் வேறு வழி கண்டார்கள். நொதியிலிருந்து எஃப்ஏடியைக் கழற்றிவிட்டு, 1.4 நானோமீட்டர் தங்கத் துகளோடு இணைத்த எஃப்ஏடியை அதே இடத்தில் பொருத்தினார்கள். ஆக்சிஜனுக்கு நொடிக்குச் சுமார் 700 எலக்ட்ரான் தரும் நொதி, மின்வாய்க்கு 5000 தந்தது.

இனி நொதியின் மரபணுவைத் திருத்தும் வேலை. இதற்கு வழி திறந்த ஃபிரான்செஸ் ஆர்னால்டு 2018இல் வேதியியல் நோபல் பெற்றார். மரபணுவைப் பல படிகள் எடுக்கும் பிசிஆர் வினையில் மாங்கனீசு குளோரைடு 0.1 முதல் 0.5 மில்லிமோலார் வரை சேர்த்தால், படியெடுக்கும் நொதியான டாக் பாலிமரேஸ் எழுத்துப்பிழை செய்யும். மரபணுவுக்கு ஒன்று முதல் மூன்று அமினோ அமில மாற்றம் போதும். மாங்கனீசு கூடினால் பெரும்பாலான நொதிகள் செத்துப்போகும். குறைந்தால் மாற்றமில்லாத தாய்நொதியே திரும்பத் திரும்ப வரும். ஈ.கோலை பாக்டீரியாவில் குளுக்கோஸ் ஆக்சிடேஸ் சரியான வடிவில் மடங்காமல் கட்டியாகிவிடும். ஈஸ்ட்டில் வளர்ப்பதே நல்லது.

பலர் சறுக்குவது நல்ல நொதியைத் தேர்ந்தெடுப்பதில். ஹைட்ரஜன் பெராக்சைடைக் காட்டிக்கொடுக்கும் பெராக்சிடேஸ் நொதியும் ஏபிடிஎஸ் என்ற நிறமூட்டியும் ஊற்றிப் பச்சை நிறம் பார்த்தால், ஆக்சிஜனுக்கு நன்றாகக் கொடுக்கும் நொதிதான் வெல்லும். மின்கலத்துக்கு அது எதிரி. எனவே டிசிஐபி என்ற நீலச் சாயம் போன்ற எலக்ட்ரான் ஏற்பியைச் சேர்த்து, நீலம் வெளுப்பதை 600 நானோமீட்டரில் அளக்க வேண்டும். குளுக்கோஸ் கரைசலை முந்தின இரவே கரைத்து வையுங்கள். நொதிக்குப் பிடித்தது பீட்டா வடிவம். புதிதாகக் கரைத்ததில் ஆல்பாவே மிகுதி, அளவு தாழ்ந்து காட்டும். இந்தச் சோதனை நடக்கும் 96 குழித் தட்டின் ஓரக் குழிகளில் நீர் ஆவியாகி எண் பொய்க்கும். ஒப்பிட்டுப் பார்க்க ஒவ்வொரு தட்டிலும் எட்டுக் குழிகளிலாவது தாய்நொதி இருக்கட்டும். இதையெல்லாம் கையால் செய்பவர்கள் ஆய்வக உதவியாளர்கள். அதற்குத்தான் அந்த இரண்டாம் வணக்கம்.

இரண்டாவது செய்தி, கேத்தோடு. எலக்ட்ரானை ஆக்சிஜனிடம் சேர்க்கும் இன்னொரு நொதி, பூஞ்சைகளின் லாக்கேஸ். அதற்கு அமிலத்தில்தான் சுறுசுறுப்பு. நம் ரத்தத்தின் உப்பும் காரத்தன்மையும் அதைச் சோர வைக்கும். மாட்ரிட்டில் மிகேல் அல்கால்டே குழுவினர் பரிணாமத் தேர்வு நடத்தி, ரத்தத்திலேயே இயங்கும் லாக்கேஸை 2013இல் வெளியிட்டார்கள். தேர்வுக் குழியிலேயே 150 மில்லிமோலார் உப்பைப் போடுங்கள். இறங்கப்போகும் குளத்தில்தானே ஆழம் பார்க்க வேண்டும்?

துணைவேந்தர் ஐயா, நான் சொன்ன வேலைக்குக் கோடிக்கணக்கில் கருவி வேண்டாம். குழிகளின் நிறத்தை அளக்கும் ஒரு தட்டு அளவி, ஒரு பிசிஆர் கருவி, மின்வாயின் மின்னோட்டத்தை அளக்கும் ஒரு சிறிய பொட்டன்ஷியோஸ்டாட். அரசு கலைக் கல்லூரி ஒவ்வொன்றிலும் இந்த மூன்றும் இருக்க வேண்டும். ஆயிரம் குழிகளை ஆயிரம் கண்கள் பார்த்தால்தான் நல்ல நொதி அகப்படும். ஒரு பெரிய நிறுவனத்தின் நான்கு ஆய்வு மாணவர்களால் மட்டும் அது ஆகாது. மாவட்டக் கல்லூரியில் படிக்கும் பிள்ளை தட்டு அளவியைப் படத்தில் மட்டும் பார்த்துப் பட்டம் வாங்கக் கூடாது. பாக்டீரியா மின்கலம் பற்றிய மூன்றாவது செய்திக்கு இன்று நேரமில்லை. இந்த வேண்டுகோளுக்கு அந்த நேரத்தைத் தந்துவிட்டேன். கருவிப் பட்டியல் ஒரு பக்கம்தான், ஐயா. முதல்வர் அம்மாவிடம் கொடுத்திருக்கிறேன்.