எறும்பு ஊரக் கல்லும் தேயும்: அமில மழையைக் காட்டிய பதிவேடு

(அறிவியல் மன்ற ஆண்டு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

விழாவுக்குத் தலைமை ஏற்றிருக்கும் பேராசிரியர் ஐயா அவர்களே, முன்னிலை வகிக்கும் கல்லூரி முதல்வர் அம்மா அவர்களே, எனக்கு முன் பேசி அவையை நன்றாகவே பதப்படுத்தி வைத்திருக்கும் வேதியியல் துறைத் தலைவர் அவர்களே, பின்வரிசையில் நின்றுகொண்டே கேட்கும் மாணவச் செல்வங்களே, அனைவருக்கும் வணக்கம். பொன்னாடை போர்த்திய மன்றச் செயலாளருக்கும், இந்த அரங்கை மனமுவந்து கொடுத்த நிர்வாகத்துக்கும் என் நன்றி. தலைமையுரையில் ஐயா அவர்கள் அளவையின் அருமையைத் தொட்டுப் பேசினார்கள். அந்த நூலைப் பிடித்துக்கொண்டே நானும் தொடங்குகிறேன்.

இன்று மூன்று செய்திகள் பேச வந்திருக்கிறேன். ஒன்று காடு. இரண்டு ஏரி. மூன்று, குளிர்நாடுகளில் பனி உருகச் சாலையில் கொட்டும் உப்பு. மூன்றுக்கும் நடுவில் நிற்பவர் ஒருவரே. ஜீன் லைக்கன்ஸ் என்ற அமெரிக்கச் சூழலியல் அறிஞர். எறும்பு ஊரக் கல்லும் தேயும் என்று நம் பெரியவர்கள் சொன்னார்களே, அந்தச் சொல்லுக்கு அவர் வாழ்க்கையைவிடப் பொருத்தமான சான்று எனக்குத் தெரியாது.

அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தில் ஒயிட் மலைத்தொடரில் ஹப்பார்ட் புரூக் என்றொரு ஓடை. அதைச் சுற்றியுள்ள காட்டை 1955இல் அந்நாட்டு வனத்துறை ஆய்வுக்காக ஒதுக்கியது. தொடக்கத்தில் அங்கே அளந்தது தண்ணீர் எவ்வளவு ஓடுகிறது என்பதை மட்டும்தான். தண்ணீரில் என்ன இருக்கிறது என்று கேட்கும் வேலை 1963இல் தொடங்கியது. லைக்கன்ஸ் நன்னீர் ஆய்வாளர். ஹெர்பர்ட் போர்மன் தாவரவியலார். நோய் ஜான்சன் நிலவியலார். வனத்துறையில் இருந்து ராபர்ட் பியர்ஸ். நால்வரும் நான்கு துறை. ஒரே மேசையில் உட்கார்ந்தார்கள் என்பதே எனக்குப் பெரிய செய்தி.

அந்த மலைச்சரிவில் மண்ணுக்கு அடியில் கெட்டிப் பாறை. தண்ணீர் கீழே கசிந்து தப்பிக்க வழியில்லை. மழையாகவும் பனியாகவும் வந்தது, மரமும் வெயிலும் குடித்தது போக, ஓடை வழியாகத்தான் வெளியேற வேண்டும். எனவே ஒவ்வொரு சிறு நீர்ப்பிடிப்புப் பகுதிக்கும் வரவு செலவுக் கணக்கு எழுதலாம். வரவை அளக்க ஒரு புனல், அதன் கீழே ஆவி வெளியேறாதபடி வளைத்த குழாய், அதன் அடியில் ஒரு பிளாஸ்டிக் பாத்திரம். செலவை அளக்க, பாறையோடு சேர்த்துக் கட்டிய கான்கிரீட் தடுப்பு. அதன் முகப்பில் ‘வி’ வடிவில் வெட்டிய வாய். தண்ணீர் அந்த வாயில் எவ்வளவு உயரத்தில் ஓடுகிறது என்று பார்த்தால் எவ்வளவு நீர் போகிறது என்று தெரிந்துவிடும். வாரம் தவறாமல் மாதிரி எடுத்தார்கள். மழையிலும் எடுத்தார்கள், முழங்கால் பனியிலும் எடுத்தார்கள்.

அமில மழையைத் தேடி அவர்கள் போகவில்லை. 1963இல் முதன்முதலாகப் பிடித்த மழைநீரின் பிஎச் அளவு, அதாவது அமிலத்தன்மையைக் காட்டும் எண், 3.7 என்று வந்தது. மாசில்லாத மழைநீர்கூடக் காற்றிலுள்ள கரியமில வாயுவைக் கரைத்துக்கொண்டு 5.6 அளவில் இருக்கும். இந்த அளவுகோலில் ஓர் எண் இறங்கினால் பத்து மடங்கு அமிலம். கணக்குப் போட்டால் ஏறக்குறைய 80 மடங்கு! தொழிற்சாலையே இல்லாத காட்டில்! அமிலம் எங்கிருந்து வந்தது? மேற்கே பல நூறு மைலுக்கு அப்பால், ஒஹாயோ ஆற்றுப் படுகையிலும் அதைச் சுற்றியும் நிலக்கரி எரித்த மின்நிலையங்களில் இருந்து. புகைபோக்கியை உயர்த்திக் கட்டினால் உள்ளூரில் காற்று தெளியும். ஆனால் கந்தக டை ஆக்சைடும் நைட்ரஜன் ஆக்சைடுகளும் காற்றோடு பயணம் செய்து, கந்தக அமிலமாகவும் நைட்ரிக் அமிலமாகவும் மாறி, யாரோ ஒருவருடைய காட்டில் இறங்கும்.

இங்கே ஒரு சம்பவத்தைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல அவை அனுமதிக்க வேண்டும். காடு ஓடைக்கு என்ன செய்கிறது என்று கேட்டால் நாம் எல்லோரும் ஆளுக்கொரு பதில் சொல்வோம். இவர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? 1965ஆம் ஆண்டு குளிர்காலம். தரையில் பனி. இரண்டாம் எண் நீர்ப்பிடிப்பில் இருந்த மரங்களை ஒன்று விடாமல் வெட்டிச் சாய்த்தார்கள். பாதை போடவில்லை. வண்டி இறக்கவில்லை. ஒரு குச்சியைக்கூட வெளியே எடுத்துப் போகவில்லை. வெட்டிய மரம் வெட்டிய இடத்திலேயே கிடந்தது. அடுத்த மூன்று கோடையும் களைக்கொல்லி அடித்து, தளிர் ஒன்றும் தலைதூக்காமல் பார்த்துக்கொண்டார்கள். மண் அப்படியே இருக்கிறது, மரமும் அங்கேயே கிடக்கிறது. வேர் உயிரோடு இல்லை, இலை இல்லை, அவ்வளவுதான் வித்தியாசம். ஓடை என்ன ஆயிற்று? முதல் ஆண்டிலேயே நீரோட்டம் ஏறக்குறைய 40 சதவீதம் கூடியது. மரம் குடித்துவந்த நீர் அது. நைட்ரேட்டோ பல மடங்காக ஏறி, குடிநீருக்கு விதித்த வரம்பையே தாண்டிவிட்டது. தெளிந்து ஓடிய மலை ஓடையில் கோடையில் பாசி படர்ந்தது. கூடவே கால்சியமும் பொட்டாசியமும் மண்ணை விட்டுக் கழுவிக்கொண்டு போயின. பக்கத்துச் சரிவில், வெட்டாத காட்டில், ஓடை பழையபடியே ஓடிக்கொண்டிருந்தது. இரண்டு ஓடையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் போதும், மண்ணின் சத்தைப் பிடித்து வைத்திருப்பது உயிருள்ள காடு என்று பள்ளிப் பிள்ளைக்கும் விளங்கும்.

அமில மழை அதே வேலையை ஓசையில்லாமல் செய்தது. அமிலம் மண்துகளில் ஒட்டியிருக்கும் கால்சியத்தையும் மக்னீசியத்தையும் தள்ளிவிட்டு அந்த இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. ஒரு மழையில் தெரியாது. ஓர் ஆண்டில் தெரியாது. எறும்பு ஊரக் கல்லும் தேயும். 1996இல் லைக்கன்ஸும் டிரிஸ்கோலும் புஸோவும் வெளியிட்ட கட்டுரை, முப்பதாண்டுப் பதிவைக் கையில் வைத்துக்கொண்டு, மண்ணில் கால்சியம் கரைந்துபோனதையும் காட்டின் வளர்ச்சி ஏறக்குறைய நின்றுபோனதையும் சொன்னது. சொன்னதோடு விடவில்லை. 1999இல் ஹெலிகாப்டரில் கால்சியம் சிலிக்கேட் உருண்டைகளை ஒரு நீர்ப்பிடிப்பு முழுவதும் தூவினார்கள். நலிந்திருந்த சர்க்கரை மேப்பிள் மரங்கள் அங்கே தேறின.

ஏரிக்கு வருகிறேன். அமிலம் மண்ணிலிருந்து அலுமினியத்தைக் கரைத்து நீரில் இறக்கும். அது மீனின் செவுளைத் தாக்கும். நியூயார்க் மாநிலத்து அடிராண்டாக் மலைகளில் மீனற்றுப்போன ஏரிகள் அதற்குச் சாட்சி. சுவீடனில் ஸ்வான்டே ஓடன் என்பவர் 1967இல் நாளிதழிலேயே எழுதி நாட்டை உலுக்கினார். ஏரியைப் பற்றி இன்னும் நிறையச் சொல்லலாம். ஆனால் நான் இன்று இங்கே வந்த காரணத்துக்கு நேரம் வேண்டும்.

1970களிலும் 80களிலும் ‘இன்னும் ஆராய வேண்டும், ஆதாரம் போதாது’ என்றுதான், புகையைக் கட்டுப்படுத்துவதை எதிர்ப்பவர்கள் சொன்னார்கள். அதற்கு மறுமொழி மேடைப்பேச்சில் கிடைக்கவில்லை. வாரந்தோறும் எழுதிய பதிவேட்டில் கிடைத்தது. 1990இல் அமெரிக்கத் தூய காற்றுச் சட்டம் திருத்தப்பட்டது. கந்தக டை ஆக்சைடு வெளியீட்டை 1980ஆம் ஆண்டு அளவிலிருந்து ஒரு கோடி டன் குறைக்க வேண்டும் என்று விதித்தார்கள். மின்நிலையங்களின் கந்தக வெளியீடு அதன்பின் 90 சதவீதத்துக்கு மேல் குறைந்திருக்கிறது. அது குறைந்ததையும் காட்டிக்கொடுத்தது அதே புனல், அதே பாத்திரம்.

மழையின் அமிலம் ஓர் ஆண்டு ஏறும், ஓர் ஆண்டு இறங்கும். மூன்றாண்டு நிதி கொடுத்து மூன்றாம் ஆண்டு முடிவில் அறிக்கை கேட்டால் எந்த அறிஞரும் எதையும் உறுதியாகச் சொல்ல முடியாது. ஆனால் உலகெங்கும் ஆய்வு நிதி அப்படித்தான் வருகிறது. கருவி வாங்கப் பணம் கிடைக்கும். பத்தாம் ஆண்டு அதே கருவியின் முன்னால் நிற்கும் ஆளுக்குச் சம்பளம் கிடைக்காது. பதிவு ஒரு முறை அறுந்தால் அறுந்ததுதான். போன வாரத்து மழையை இந்த வாரம் பிடிக்க முடியுமா? எறும்பு ஊரக் கல் தேய வேண்டுமானால் எறும்பு வழியில் நிற்கக்கூடாது ஐயா! ஊர்ந்துகொண்டே இருக்க வேண்டும்.

ஆகவே மன்றத்தின் முன் என் கோரிக்கை இது. மழைநீரையும் ஓடைநீரையும் அளக்கும் பணிக்குத் திட்ட நிதி வேண்டாம், நிலையான நிதி வேண்டும். அளந்த எண்கள் எவரும் பார்க்கும்படி பொதுவில் இருக்க வேண்டும், ஹப்பார்ட் புரூக் எண்கள் அப்படித்தான் இருக்கின்றன. பழைய மாதிரிகளைக் கொட்டிவிடாமல் பாதுகாக்க வேண்டும். இன்று நமக்குக் கேட்கத் தெரியாத கேள்வியை நாளை ஒருவர் அந்தப் பாட்டிலிடம் கேட்பார்.

சாலை உப்பைப் பற்றிப் பேச நேரமில்லை. அமிலம் குறைந்த அதே வடகிழக்கு அமெரிக்காவில் நன்னீரில் உப்பு ஏறிக்கொண்டிருப்பதை 2005இல் கௌஷலும் லைக்கன்ஸும் மற்றவர்களும் எழுதினார்கள். அதுவும் நீண்ட பதிவால்தான் தெரிந்தது என்பதை மட்டும் சொல்லிவிடுகிறேன்.

நான் சொன்ன கோரிக்கையின் தீர்மான நகல் வாயில் அருகே மேசையில் இருக்கிறது. முதல் கையெழுத்தைத் தலைவர் ஐயா அவர்கள் போட்டுத் தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். போகும்போது எல்லோரும் படித்துப் பார்த்துக் கையெழுத்திட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். நன்றி, வணக்கம்.