அலமாரிக்குள் ஒளிந்திருக்கும் வாயு

நேயர்களுக்கு வணக்கம். காற்று மாசு என்றதும் வாகனப் புகையும் ஆலைப் புகையும்தான் நம் நினைவுக்கு வரும். ஆனால் ஃபார்மால்டிஹைடு என்ற வாயு பெரும்பாலும் தெருவைவிட வீட்டுக்குள்தான் அதிகம். 2004-ல் சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை இதைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருட்களின் முதல் பிரிவில் சேர்த்தது. சாதாரணமாக நாம் உணர்வது கண் எரிச்சலும் தொண்டைக் கரகரப்பும்தான்.

வீட்டுக்குள் இது வரும் முக்கியமான வழி, பலகைகளில் இருக்கும் பசை. பார்ட்டிகிள் போர்டு, எம்.டி.எஃப். போன்றவை மரத்தூளையும் நாரையும் பிசினில் கலந்து, சூட்டில் அழுத்திச் செய்யப்படுபவை. விலை மலிவு என்பதால் பெரும்பாலும் யூரியா-ஃபார்மால்டிஹைடு பிசினைத்தான் சேர்க்கிறார்கள். அதில் ஒட்டாமல் மிஞ்சிய வாயு, பொருள் புதிதாக இருக்கும்போது வேகமாக வெளியேறும். அப்புறம் குறையும்; ஆனால் நிற்காது. காற்றின் ஈரம் அந்தப் பிசினையே மெல்லச் சிதைக்க, ஆண்டுக்கணக்கில் வாயு கசியும். வெப்பமும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். 2005-ல் அமெரிக்காவில் கத்ரீனா புயலில் வீடிழந்தவர்களுக்கு அரசு கொடுத்த நகரும் வீடுகளில் இதுதான் பெரிய பிரச்சினையானது. சின்ன அறை, நிறையப் பலகை, குறைந்த காற்றோட்டம்.

சிகரெட், ஊதுவத்தி, எரிவாயு அடுப்பு என்று எரிவதெல்லாம் கொஞ்சம் தரும். சுருக்கம் விழாத துணியிலும், சுருட்டை முடியை நேராக்கும் சில பூச்சுகளிலும் உண்டு. அந்தப் பூச்சைத் தடவிச் சூடான கருவியால் இழுக்கும்போது எழும் ஆவியை, வாடிக்கையாளரைவிட அழகு நிலையத்தில் நாள் முழுக்க வேலை செய்பவர்தான் அதிகம் சுவாசிக்கிறார். அவரைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

புது அலமாரி நெடியடிக்கிறது என்று வாசனைத் தெளிப்பான் அடிப்பவர்கள் உண்டு. எலுமிச்சை, பைன் மணம் தரும் பொருட்கள் காற்றிலுள்ள ஓசோனோடு சேர்ந்து அதே ஃபார்மால்டிஹைடை உண்டாக்கும்! காற்றுச் சுத்திகரிப்பான் வாங்குவதாக இருந்தாலும் கவனியுங்கள். தூசியைப் பிடிக்கும் ஹெப்பா வடிகட்டி வாயுவைப் பிடிக்காது. சாதாரணக் கரியும் இந்த வாயுவை அவ்வளவாக ஈர்க்காது.

ஜன்னலைத் திறந்து வைப்பதுதான் எளிய வழி, குறிப்பாகப் பொருள் புதிதாக இருக்கும் மாதங்களில். உலக சுகாதார அமைப்பு சொல்லும் வரம்பு, ஒரு கன மீட்டர் காற்றில் 0.1 மில்லிகிராம். வாங்கும்போதே குறைந்த உமிழ்வுப் பலகையா என்று கேளுங்கள். அலமாரியின் பின்பக்கத்தையும் வெட்டிய ஓரங்களையும் ஒரு முறை தடவிப் பாருங்கள். மேற்பூச்சு இல்லாமல் விட்டிருந்தால், வாயு அதிகம் வருவது அங்கிருந்துதான். அதை மூடித் தரச் சொல்லுங்கள்.