ஃபிடில் லீஃப் செடி பிசுபிசுன்னு இருக்கா? வேப்பெண்ணெய் அடிக்கறதுக்கு முன்னாடி இதைப் பாருங்க

(கேமரா தரையில ஆரம்பிச்சு தொட்டி வழியா மெல்ல மேல ஏறுது)

இந்த டைல்ஸைப் பாருங்க, நேத்து ராத்திரிதான் மாப் போட்டேன், காலையில வெறுங்கால்ல நடந்தா பசை மாதிரி ஒட்டுது. நானும் முதல்ல பசங்க ஜூஸைக் கொட்டிட்டாங்கன்னுதான் நினைச்சேன், பாவம் அவங்களைத் திட்டவும் திட்டிட்டேன். அப்புறம் பாத்தா தொட்டி ஓரமா எறும்பு வரிசையா ஏறிட்டிருக்கு. மேல நிக்கறது நம்ம ஃபிடில் லீஃப், ஃபைகஸ் வகைச் செடி.

ஃபைகஸ்னா ஏதோ வெளிநாட்டு சமாச்சாரம்னு நினைக்காதீங்க, ஆலமரம், அரசமரம், அத்தி எல்லாமே ஃபைகஸ்தான், இலையைக் கிள்ளுனா பால் வரும் பாத்திருப்பீங்க. வீட்டுக்குள்ள வைக்கிற ஃபிடில் லீஃப், ரப்பர் பிளான்ட், பெஞ்சமினா, போன்சாய் ஃபைகஸ் எல்லாம் இந்த வகையறா. வெளியில நிக்கற மரத்துல பூச்சி வந்தா மழை கழுவிடும், பொறிவண்டு வந்து தின்னுடும். ஹால்ல சோபா பக்கத்துல நிக்கற செடிக்கு ரெண்டும் கிடையாது, அதனால பத்து பூச்சி வந்தாலும் ஒரு மாசத்துல செடி முழுக்கப் பரவிடும்.

(இலைக்காம்பு குளோசப்)

இலைக்காம்பு தண்டோட சேர்ற இடுக்கில பஞ்சு மாதிரி வெள்ளையா இருக்கு பாருங்க, இதுதான் மாவுப்பூச்சி. அந்தப் பஞ்சுக்குள்ள நூத்துக்கணக்குல முட்டை இருக்கும். இது சாறை உறிஞ்சிட்டு சர்க்கரைத் தண்ணியா வெளிய விடுது, தரையில ஒட்டுனது அதுதான். எறும்பு வர்றதும் அதுக்குத்தான், வந்து குடிக்கறதோட நிக்காது, பொறிவண்டு மாதிரி எதிரி வந்தா விரட்டும், நம்ம மாடு வளக்கற மாதிரி அது பூச்சி வளக்குது. அந்த இனிப்பு மேல அப்புறம் கரி பூசுன மாதிரி கறுப்புப் பூஞ்சாணம் படியும், அதை ஈரத்துணியால துடைச்சா போயிடும், அதுக்குன்னு தனி மருந்தெல்லாம் வேண்டாம்.

மாவுப்பூச்சி உடம்பு மேல மெழுகு இருக்கறதால வெறும் தண்ணி, லேசான ஸ்ப்ரே எல்லாம் ஒட்டாம உருண்டு ஓடிடும். 2008ல கோயம்புத்தூர் பக்கம் பப்பாளி மாவுப்பூச்சி வந்து பப்பாளி, மல்பெரி, மரவள்ளின்னு எல்லாத்தையும் நாசம் பண்ணுச்சே, ஞாபகம் இருக்கா? விவசாயிங்க மருந்து அடிச்சு அடிச்சு ஓஞ்சு போனாங்க, கடைசியில 2010ல வெளிநாட்டுல இருந்து, மாவுப்பூச்சிக்குள்ளயே முட்டை விட்டு அதைக் கொல்ற குட்டி ஒட்டுண்ணிக் குளவிகளைக் கொண்டு வந்து விட்டதுக்கு அப்புறம்தான் அடங்குச்சு. ஹால்ல குளவியெல்லாம் விட முடியாது, அதனால பட்ஸ்தான் நம்ம ஆயுதம். மெடிக்கல் ஷாப்ல சர்ஜிக்கல் ஸ்பிரிட் கேட்டு வாங்குங்க, பட்ஸ்ல நனைச்சு ஒவ்வொரு பூச்சியையும் தொட்டு எடுங்க, ஸ்பிரிட் பட்டா அந்த மெழுகு கரைஞ்சிடும். முதல்ல ஒரே ஒரு இலையில தொட்டு ஒரு நாள் விட்டுப் பாருங்க, கருகலைன்னா மத்த இலைக்குப் போங்க. விளக்கு, அடுப்பு பக்கத்துல வேண்டவே வேண்டாம், சட்டுனு தீப்பிடிக்கும்.

தண்டுல பழுப்பு கலர்ல பொட்டு மாதிரி ஒட்டியிருந்தா அது செதில்பூச்சி. நிறைய பேர் அதைச் செடியோட மருன்னே நினைச்சு விட்டுடறாங்க. நகத்தால சுரண்டுங்க, பெயர்ந்து வந்தா பூச்சி. பெருசானது ஓட்டுக்குள்ள ஒளிஞ்சிருக்கும், ஸ்ப்ரே உள்ள போகாது, அதனால பழைய டூத் பிரஷ்ஷால தேய்ச்சு எடுத்துட்டு அப்புறம் கடைசியில சொல்ற வேப்பெண்ணெயை அடிங்க. செடியைக் கிள்ளுறப்ப பால் கையில பட்டா சிலருக்கு அரிக்கும், கிளவுஸ் போட்டுக்கோங்க.

இப்ப ஏசி ரூம்ல செடி வச்சிருக்கவங்களுக்கு. இலையில ஊசியால குத்துன மாதிரி பொடிப்பொடியா மஞ்சள் புள்ளி, பச்சை வெளுத்துட்டே வருது, இலைக்கு அடியில மெல்லிசா நூலாம்படை. ஒரு வெள்ளை பேப்பரை அடியில புடிச்சு இலையைத் தட்டுங்க, விழுந்த தூசி நடக்க ஆரம்பிச்சா அது சிலந்திப்பேன். இது பூச்சியே இல்லை, எட்டு கால், சிலந்திக்குச் சொந்தக்காரன், அதனால மாவுப்பூச்சிக்குன்னு கடையில குடுக்கற இமிடாக்ளோப்ரிட்ங்கற பூச்சி மருந்து இதுகிட்ட வேலை செய்யாது. காசு வேஸ்ட். நம்ம ஊர் வெயில்ல முட்டையில இருந்து பெருசாக ஒரு வாரம் போதும். பாத்ரூமுக்குத் தூக்கிட்டுப் போய் ஹேண்ட் ஷவரை இலைக்கு அடிப்பக்கமா அடிங்க, பாதிக்கு மேல அதுலயே போயிடும்.

பெஞ்சமினா இலை நடுவுல மடிஞ்சு பர்ஸ் மாதிரி மூடியிருந்தா பிரிச்சுப் பாருங்க, உள்ள கறுப்பா ஓடும், இலைப்பேன். மருந்து உள்ள போகாது, மடிஞ்ச இலையெல்லாம் வெட்டி கவர்ல கட்டிக் குப்பையில போட்டுடுங்க.

மண்ணுல இருந்து குட்டிக் கொசு மாதிரி பறக்குதா? தண்ணி ஜாஸ்தி ஊத்துறீங்க. மேல் மண் ஒரு இன்ச் காயுற வரைக்கும் ஊத்தாதீங்க, பசை தடவுன மஞ்சள் கலர் அட்டை ஒண்ணு குத்தி வைங்க, முடிஞ்சுது.

இன்னொண்ணு, ஃபிடில் லீஃபோட புது இலையில செம்பழுப்பு புள்ளி வருதுன்னு போட்டோ அனுப்பறாங்க, அது பெரும்பாலும் பூச்சி இல்லை, தண்ணி ஒரு நாள் கொட்டி ஒரு வாரம் மறந்தா அப்படித்தான் வரும், இலை வளர வளர மங்கிடும். அதுக்குப் போய் மருந்து அடிச்சு இலையைக் கருக்கிடாதீங்க.

(பாட்டில் ஷாட்)

சரி, வேப்பெண்ணெய். ஒரு லிட்டர் தண்ணிக்கு 5 மில்லி எண்ணெய், ரெண்டு மில்லி சோப்பு லிக்விட். சோப்பைக் கொஞ்சம் தண்ணியில கலந்து அதுல எண்ணெயை விட்டு வெள்ளையா ஆகுற வரைக்கும் அடிச்சுட்டு, அப்புறம் மீதித் தண்ணி. நேரா தண்ணியில எண்ணெயை ஊத்துனா மேல மிதக்கும், இலை வெந்துடும். சாயங்காலமா, இலைக்கு அடியிலயும் அடிங்க, கலந்ததை அன்னிக்கே தீத்துடுங்க. எல்லாரும் தப்பு பண்றது இங்கதான், ஒரு தடவை அடிச்சுட்டுப் போச்சுன்னு விட்டுடறாங்க, முட்டை சாகாது, அதெல்லாம் பொரிஞ்சு பத்து நாள்ல திரும்பவும் அதே கதை. ஏழு நாளைக்கு ஒரு தடவை, குறைஞ்சது நாலு தடவை.

என் செடி ஒரு நர்சரியில இருந்து வந்த அன்னிக்கே தனியா ரெண்டு வாரம் வச்சிருக்கணும், அழகா இருக்குன்னு நேரா ஹால்ல வச்சுட்டேன், இப்ப பக்கத்துல இருக்கற ரப்பர் பிளான்ட்லயும் பஞ்சு தெரியுது. நேத்து ரெண்டாவது ரவுண்ட் அடிச்சேன். மூணாவது அடுத்த ஞாயித்துக்கிழமை, காலண்டர்ல வட்டம் போட்டு வச்சிருக்கேன்.