மெட்ரோ வேலையில் தெருவுக்கு வரும் சாம்பல் நிறச் சேறு விஷமா?

அடுத்த கேள்வி சென்னையிலிருந்து வந்திருக்கிறது. "எங்கள் தெருமுனையில் மெட்ரோ சுரங்க நிலையம் கட்டுகிறார்கள். சாம்பல் நிறத்தில் கொழகொழவென்று ஒரு சேறு சாலையில் வழிந்து மழைநீர் வடிகாலில் இறங்குகிறது. அது விஷமா? எங்கள் போர் தண்ணீரைப் பயன்படுத்தலாமா?" என்று கேட்டிருக்கிறார் ஒரு அம்மா.

நீங்கள் சொல்வதைப் பார்த்தால் அது பெரும்பாலும் பென்டோனைட்டாகத்தான் இருக்கும். பென்டோனைட் ஒரு வகைக் களிமண், விஷம் கிடையாது. நிலையத்தின் பக்கச் சுவருக்காகக் குறுகலாக, ரொம்ப ஆழமாகப் பள்ளம் தோண்டுவார்கள். பள்ளம் சரியாமல் இருக்க, தோண்டத் தோண்ட பென்டோனைட்டைத் தண்ணீரில் கலந்த கரைசலை நிரப்பிக்கொண்டே போவார்கள். அப்புறம் குழாய் வழியாக அடியிலிருந்து கான்கிரீட் போடும்போது கரைசல் மேலே ஏறி வரும். அதை உறிஞ்சி, மணலைப் பிரித்து, மறுபடியும் பயன்படுத்துவார்கள்.

கவனிக்க வேண்டியது இங்கேதான். கான்கிரீட்டைத் தொட்ட கரைசலில் சிமென்ட் கலந்துவிடும். சிமென்ட் தண்ணீரின் பிஎச், அதாவது அமிலமா காரமா என்று காட்டும் அளவு, 12-க்கு மேலே கூடப் போகும்; அவ்வளவு காரம் தோலைப் புண்ணாக்கும். தெருவில் கிடக்கும் சேற்றில் சிமென்ட் இருக்கிறதா என்று பார்த்துச் சொல்ல முடியாது. அதனால் குழந்தைகளை அதில் வெறுங்காலோடு விடாதீர்கள். பட்டுவிட்டால் நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவுங்கள்.

விஷம் இல்லை என்பதற்காக வடிகாலில் விடலாமா? கூடவே கூடாது. ஓடுகிற தண்ணீரில் இந்தத் துகள்கள் லேசில் படியாது, கூவம் வரை போய் மீன்களின் செவுளை அடைக்கும். தண்ணீர் தேங்கும் இடத்தில் கெட்டியாகப் படிந்து வடிகாலையே அடைத்துவிடும். ஐப்பசி, கார்த்திகை மழையில் உங்கள் தெருதான் மூழ்கும். சேற்றை டேங்கர் லாரியில் ஏற்றி, அனுமதித்த இடத்தில் கொட்டுவது ஒப்பந்ததாரரின் பொறுப்பு.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், எனக்கு இதுதான் பெரிய கவலை. கிரேன், பொக்லைன், ஜெனரேட்டர் எல்லாவற்றிலிருந்தும் பழைய ஆயில் வரும். ஆயில் துடைத்த துணி, கெமிக்கல் இருந்த காலி பேரல் எல்லாம் சேரும். 2016-ஆம் ஆண்டு அபாயகரக் கழிவு விதிகளின்படி சட்டப்படியே அபாயகரமானவை இவைதான். பொதுவாக 90 நாளுக்கு மேல் சைட்டில் வைத்திருக்கக் கூடாது. மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் அனுமதி பெற்றவர்களிடம் மட்டுமே கொடுக்க வேண்டும். 7 பிரதிகள் கொண்ட படிவம் ஒன்றை நிரப்பி, அதன் பிரதிகளை லாரியோடும் அனுப்ப வேண்டும், எங்கிருந்து கிளம்பி எங்கே சேர்ந்தது என்பதற்கு அதுதான் சாட்சி. காயலான் கடைக்குப் போகும் ஆயிலுக்கு அப்படி எந்தச் சாட்சியும் இருக்காது. ஒரு சைட்டுக்குள் போனால் நான் முதலில் பார்ப்பது ஆயில் பேரல் வைத்திருக்கும் இடத்தைத்தான். மேலே கூரை, கீழே சிமென்ட் தரை, கசிந்தால் தேங்கி நிற்க ஒரு தொட்டி, இவை இருந்தால் மற்ற வேலையிலும் கொஞ்சம் நம்பிக்கை வரும். ஆயில் துணியை ராத்திரியில் எரிக்கும் வாடை வந்தால் அதையும் புகாரில் எழுதுங்கள்.

போர் தண்ணீர் விஷயத்துக்கு வருகிறேன். தண்ணீர் பால் போலக் கலங்கினாலோ, மேலே எண்ணெய்ப் படலம் தெரிந்தாலோ, குடிக்கவும் சமைக்கவும் எடுப்பதை உடனே நிறுத்துங்கள். சைட் பொறியாளருக்கும் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கும் தேதி, நேரம், படத்தோடு எழுதிக் கொடுங்கள். பிஎச், கலங்கல், எண்ணெய் மூன்றையும் ஆய்வகத்தில் பார்க்கச் சொல்லுங்கள். முடிவு கையில் வரும்வரை அந்தத் தண்ணீர் வேண்டாம்.