தினமும் போகிற வண்டியே தண்டவாளத்தைச் சோதிக்கட்டும்

நேயர்களுக்கு வணக்கம். ரயில் ஒரு பாலத்தைத் தாண்டியதும் பெட்டி ஒருமுறை அமிழ்ந்து எழும். கையில் இருக்கிற காபி தளும்பும். மறுநாள் போனாலும் அதே இடத்தில்தான் தளும்பும். அந்தக் குலுக்கலைப் பதிவு செய்து, தண்டவாளம் எங்கே கெடுகிறது என்று கண்டுபிடிப்பதைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறேன்.

பாலத்துக்குப் பக்கத்தில் ஏன் அப்படி? பாலம் கெட்டி, அமுங்காது. அதை ஒட்டிய மண்கரை அமுங்கும். இரண்டும் சேருகிற இடத்தில் ஒவ்வொரு சக்கரமும் இடித்துவிட்டுப் போகிறது. ஜல்லி நொறுங்கி, கரை இன்னும் இறங்கும்.

நான் தண்டவாளப் பராமரிப்பில் சேர்ந்த புதிதில், மழைக்காலத்தில், ஒரு டிரைவர் அடுத்த ஸ்டேஷனில் வண்டியை நிறுத்திச் சொன்னார்: “சார், பாலம் தாண்டினதும் வண்டி இடது பக்கமா இழுக்குது.” தினமும் தடத்தில் நடந்து சோதிக்கிற கீமேனோடு போய்ப் பார்த்தோம். இரண்டு தண்டவாளத்துக்கும் இடைவெளி அளக்கிற கேஜ் வைத்தோம், மட்டம் பார்த்தோம். எல்லாம் அளவுக்குள்தான் இருந்தது. திரும்பலாம் என்றபோது கீமேன் விடவில்லை. “கூட்ஸ் ஒண்ணு வருது, நின்னு பாத்துட்டுப் போலாம் சார்” என்றார். ஒதுங்கி நின்றோம். ஒவ்வொரு சக்கரம் ஏறும்போதும் தண்டவாளத்துக்கு அடியில் குறுக்கே கிடக்கிற சிலிப்பர் கட்டைகள் நாலைந்து அப்படியே அமிழ்ந்தன. ஜல்லி இடுக்கிலிருந்து சேற்றுத் தண்ணீர் பீச்சியடித்தது. கடைசிப் பெட்டி போனதும் தண்டவாளம் மேலே வந்து பழையபடி மட்டமாக நின்றது. சிலிப்பருக்கு அடியில் ஜல்லியே இல்லை, வெறும் இடைவெளி. சிலிப்பர்தான் தண்டவாளத்தைத் தாங்க வேண்டும். அங்கே தண்டவாளத்தில் சிலிப்பர் தொங்கிக்கொண்டிருந்தது.

பாரம் ஏறினால்தான் சில குறைகள் வெளியே வரும். இதை நான் எங்கே பேசினாலும் சொல்வேன். கையால் அளந்தால் தெரியாதது ஓடுகிற வண்டிக்குத் தெரியும்.

இந்தியன் ரயில்வேயில் ஓ.எம்.எஸ். என்று குலுக்கலை அளக்கிற ஒரு கருவி உண்டு. ஓடும் வண்டியில் பெட்டித் தரையில் வைத்து, மேலும் கீழுமாக, பக்கவாட்டில் எவ்வளவு குலுங்குகிறது என்று பதிவு செய்வார்கள். வேகம் கூடிய தடங்களில் புவியீர்ப்பின் 0.15 மடங்கைத் தாண்டினால் அந்த இடத்தைக் குறித்துக்கொள்வார்கள். நல்ல ஏற்பாடு. ஆனால் இடைவெளி விட்டு விட்டுத்தான் போய் அளக்கிறோம். நடுவில் ஒரு பெருமழை பெய்தால்?

அமெரிக்காவில் பிட்ஸ்பர்க் நகரத்தில் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தார், பயணிகளை ஏற்றிச் செல்லும் நகர ரயிலிலேயே 2013-ல் அதிர்வுக் கருவிகளைப் பொருத்தினார்கள். 2015-ல் இன்னொரு வண்டியிலும். இந்த முறையில் சிக்கல் நிறைய. வேகம் ஒருநாள் போல மறுநாள் இருக்காது. அதே பள்ளம் மெதுவாகப் போனால் சின்னதாகக் காட்டும். கூட்டம் ஏறினால் எடை மாறும். ஜி.பி.எஸ். சில மீட்டர் தள்ளிக் காட்டும். சரி, அப்படியென்றால் அந்தப் பதிவை எப்படி நம்புவது? ஒரே ஓட்டத்தை நம்ப வேண்டாம். அதே இடத்தை வண்டி நூறு தடவை கடக்கும். தற்செயலான குலுக்கல் இடம் மாறிக்கொண்டே இருக்கும், தடத்தின் குறை மட்டும் அங்கேயே நிற்கும். சக்கரத்தில் தேய்மானம் இருந்தால் அது வழி நெடுக வண்டியோடு கூடவே வரும். அதனால் அதையும் பிரித்துவிடலாம். போன மாதம் இல்லாத குலுக்கல் இந்த மாதம் இருக்கிறதா? எனக்கு அதுதான் முக்கியம். என்றைக்கோ ஒருநாள் எடுத்த துல்லியமான அளவைவிட, தினமும் எடுத்த சுமாரான அளவு இதை முன்கூட்டியே சொல்லும்.

கருவியை எங்கே வைப்பது என்பதும் இருக்கிறது. சக்கர அச்சின் முனையைத் தாங்குகிற அச்சுப்பெட்டியில் வைத்தால் வெல்டிங் இடத்துச் சிறு பள்ளம்கூடத் தெரியும். பெட்டித் தரையில் அதை ஸ்பிரிங் விழுங்கிவிடும். கரை நீளமாக இறங்கியிருப்பதுதான் அங்கே தெரியும்.

மணி ஆகிவிட்டதென்று சைகை காட்டுகிறார்கள். ஜப்பானைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல நினைத்திருந்தேன். அங்கே ‘டாக்டர் யெல்லோ’ என்று மஞ்சள் நிறச் சோதனை ரயில். சுமார் 10 நாளுக்கு ஒருமுறை ஓடும். ஜே.ஆர். சென்ட்ரல் நிறுவனம் தன்னுடையதை 2025 ஜனவரியில் நிறுத்திவிட்டது. அந்த வேலையை இனிப் பயணிகள் போகும் புல்லட் ரயில்களே செய்யப்போகின்றன. அப்புறம் ஒன்று: தண்டவாளத்துக்கு உள்ளே இருக்கிற விரிசலை அதிர்வு காட்டாது. அதற்குக் காதுக்குக் கேட்காத ஒலி அலையைச் செலுத்திப் பார்க்கிற அல்ட்ராசோனிக் சோதனை வேண்டும், கீமேனும் நடந்துதான் ஆக வேண்டும். நன்றி, வணக்கம்.