திருப்பிக் கேட்பது மரியாதைக் குறைவு அல்ல

(சேலத்தில் ஒரு கல்லூரியின் பேராசிரியர்கள், பணியாளர்களிடையே ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

முதல்வர் அவர்களுக்கும், பேராசிரியர்களுக்கும், அலுவலகம், நூலகம், ஆய்வகம், விடுதி என எல்லாப் பக்கமிருந்தும் வந்திருக்கும் பணியாளர்களுக்கும் வணக்கம்.

சைபர் பாதுகாப்பு என்றதும், அது கம்ப்யூட்டர் துறைக்காரர்கள் பார்த்துக்கொள்ளும் வேலை என்று பலர் நினைக்கிறோம். சர்வரை அவர்கள் பார்த்துக்கொள்வார்கள், சரி. ஆனால் மோசடிக்காரன் சர்வரை உடைக்க மெனக்கெடுவதே இல்லை. நமக்கு மேலே இருப்பவர் பேசுவதுபோல நம்மிடமே பேசிவிடுகிறான்.

உங்கள் முதல்வரின் படம் வைத்த ஒரு வாட்ஸ்அப் எண்ணிலிருந்து செய்தி வருகிறது. "மீட்டிங்கில் இருக்கிறேன், பேச முடியாது. அவசரமாக இந்தக் கணக்குக்குப் பத்தாயிரம் அனுப்புங்கள், மாலையில் தந்துவிடுகிறேன்." படம் கல்லூரி இணையதளத்தில் இருக்கிறது. உங்கள் பெயர், பதவி, கைப்பேசி எண் எல்லாம் அதே இணையதளத்தில் துறைவாரியாக இருக்கின்றன. எண் புதிதாக இருக்கிறதே என்று உங்களுக்கும் தோன்றும். தோன்றியும் ஏன் கேட்பதில்லை? பிரின்சிபால் சாரிடமே போய் "அது நீங்கள்தானா?" என்று எப்படிக் கேட்பது என்ற தயக்கம்தான். அந்தத் தயக்கத்தை முதலாக வைத்துத்தான் அவன் தொழில் நடத்துகிறான்.

அதனால் முதல்வரிடமே இந்த மேடையிலிருந்து ஒரு வேண்டுகோள். "என் பெயரில் பணம், ஓடிபி, மாணவர் பட்டியல் என்று எது கேட்டு வந்தாலும், உங்களிடம் ஏற்கெனவே இருக்கும் என் எண்ணில் கூப்பிட்டு உறுதி செய்யுங்கள். நான் கோபித்துக்கொள்ள மாட்டேன்" என்று உங்கள் கையெழுத்தோடு ஒரு சுற்றறிக்கை விடுங்கள். கடைநிலைப் பணியாளர் வரை அது போய்ச் சேர வேண்டும். கேட்கும் உரிமையை மேலிருப்பவர்தான் கொடுக்க முடியும்.

காவல்துறை சீருடையில் வீடியோ காலில் வந்து, 'உங்களை டிஜிட்டல் அரெஸ்ட் செய்திருக்கிறோம்' என்று மிரட்டுகிறார்களே, அதுவும் இதே வித்தைதான். 'டிஜிட்டல் அரெஸ்ட்' என்று சட்டத்தில் எதுவும் கிடையாது. 2024 அக்டோபரில் பிரதமரே தன் வானொலி உரையில் இதைச் சொன்னார். ஓய்வுபெறும் தறுவாயில் இருப்பவர்கள் வீட்டிலும் இதைச் சொல்லி வையுங்கள். வாழ்நாள் சேமிப்பு மொத்தமாகக் கணக்கில் வந்து நிற்கும் காலம் அது.

இனி நான் சொல்வதுதான் எனக்கு மிகவும் முக்கியம். சேர்க்கைக் காலத்தில் அலுவலக மேசைக்கு வரும் கோப்பில் என்னவெல்லாம் இருக்கிறது? ஆதார் நகல், சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ், வங்கிப் பாஸ்புக்கின் முதல் பக்கம், பெற்றோரின் செல் நம்பர். ஏற்காட்டு மலைக் கிராமத்திலிருந்து வந்து படிக்கும் ஒரு மாணவியை நினைத்துக்கொள்ளுங்கள். அப்பாவுக்குக் காப்பித் தோட்டத்தில் வேலை. அவருக்கு ஒரு போன் வருகிறது. "காலேஜ் ஆபீஸிலிருந்து பேசுகிறோம். உங்கள் மகளுக்கு ஸ்காலர்ஷிப் வந்திருக்கிறது. வாட்ஸ்அப்பில் அனுப்பியிருக்கும் கியூஆர் கோடை ஸ்கேன் செய்து பின் நம்பரைப் போடுங்கள், பணம் ஏறிவிடும்."

பணம் வாங்குவதற்கு யுபிஐ பின் தேவையே இல்லை. பின் போட்டால் நம் கணக்கிலிருந்து பணம் போகிறது என்று பொருள். நமக்கு இது தெரியும். அவருக்கு யார் சொன்னது? மகளின் பெயர், வகுப்பு, பதிவு எண் வரைக்கும் சரியாகச் சொல்கிற குரலை அவர் எப்படிச் சந்தேகப்படுவார்? காலேஜிலிருந்து பேசுகிறார்கள் என்றால் எழுந்து நின்று பதில் சொல்கிற மனிதர் அவர். நமக்கு முதல்வரிடம் இருக்கும் தயக்கம் அவருக்கு நம் அலுவலக உதவியாளரிடமே இருக்கிறது.

அந்த விவரங்கள் வெளியே போக எத்தனையோ வழி. உதவித்தொகைப் பட்டியலை அப்படியே எக்செல் கோப்பாக வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் போடுகிறோம். ஜெராக்ஸ் கடைக் கணினியில் மெயிலைத் திறந்து பிரிண்ட் எடுத்துவிட்டு, லாக்அவுட் செய்யாமல் வந்துவிடுகிறோம். பழைய விண்ணப்பங்களைக் கட்டிப் பேப்பர் கடையில் எடைக்குப் போடுகிறோம். அது கிழித்து அழிக்க வேண்டிய காகிதம். தகுந்த பாதுகாப்பு எடுக்கத் தவறுகிறவர்களுக்கு 250 கோடி ரூபாய் வரை அபராதம் விதிக்க 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இடம் தருகிறது. அந்தச் சட்டமே இல்லாவிட்டாலும், நம்மை நம்பிக் கொடுத்த காகிதம் அல்லவா?

பெற்றோர் கூட்டத்தில் மதிப்பெண்ணைப் பற்றிப் பேசுவதற்கு முன்னால், "கல்லூரி ஒருநாளும் போனில் பின், ஓடிபி கேட்காது, சந்தேகம் வந்தால் இந்த எண்ணில் எங்களைத் திருப்பிக் கேளுங்கள்" என்று சொல்லுங்கள். மலையிலிருந்து இறங்கி வர முடியாதவர்களுக்கு மாணவர்கள் வழியாகவே சொல்லியனுப்பலாம்.

வகுப்பு ஆசிரியர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். கமிஷன் தருகிறோம், உன் வங்கிக் கணக்கையும் ஏடிஎம் கார்டையும் கொஞ்ச நாள் கொடு என்று மாணவர்களிடம் கேட்கிறார்கள். கொடுத்தால் திருட்டுப் பணம் அந்தக் கணக்கு வழியாகத்தான் போகும். கணக்கு முடங்குவதோடு, வழக்கும் பிள்ளையின் பெயரில் வரும்.

இவ்வளவுக்குப் பிறகும் யாராவது ஏமாறலாம். அப்போது நேரம்தான் பெரிது. சைபர் மோசடிப் புகாருக்கான 1930 என்ற உதவி எண்ணைக் கூப்பிட்டால், பணம் போய்ச் சேர்ந்த வங்கிக்கு உடனே தகவல் போகும். அங்கே பணம் மீதி இருந்தால் நிறுத்தி வைப்பார்கள். அடுத்த வங்கிக்குப் போயிருந்தால் புகாரும் பின்னாலேயே போகும். மோசடிக்காரன் பணத்தை ஏடிஎம்மில் எடுத்துவிட்டான் என்றால் மீட்பது கடினம். தொகை, நேரம், பரிவர்த்தனை எண் மூன்றையும் கையில் வைத்துக்கொண்டு பேசுங்கள். வெட்கப்பட்டு வாட்ஸ்அப் உரையாடலை அழித்துவிடாதீர்கள், அதுதான் ஆதாரம். நிர்வாகத்துக்கும் சொல்கிறேன்: ஏமாந்தவரைக் கூப்பிட்டு விளக்கம் கேட்பதை மறுநாளுக்கு வைத்துக்கொள்ளுங்கள். முதலில் அவர் 1930க்குப் பேசட்டும்.

கேள்விகளுக்குப் போகும் முன் எல்லோரும் கைப்பேசியை எடுங்கள். வாட்ஸ்அப்பில் 'லிங்க்டு டிவைசஸ்' பகுதியைத் திறந்து பாருங்கள். அலுவலகத்திலோ வெளியிலோ நீங்கள் எப்போதோ திறந்துவிட்டு மறந்த கணினி அதில் இருந்தால், இப்போதே லாக்அவுட் செய்துவிடுங்கள். அப்புறம் பேசுவோம்.