ஆன்டெனாவை நீட்டுவதற்கு முன் சாய்த்துப் பாருங்கள்

வணக்கம், நேயர்களே. என் கையில் உள்ள இந்தச் சிறிய எஃப்எம் ரேடியோவின் கம்பி இப்போது செங்குத்தாக நிற்கிறது. பேச்சுக்கு அடியில் 'ஸ்ஸ்' என்ற இரைச்சல் ஓடிக்கொண்டே இருப்பது உங்களுக்கும் கேட்கும். ரேடியோவை நகர்த்தாமல், கம்பியை மட்டும் மெல்லப் படுக்கைவாட்டில் சாய்க்கிறேன். இரைச்சல் பெரும்பாலும் அடங்கிவிட்டது.

கோபுரத்திலிருந்து கிளம்பும் அலையின் மின்புலம் எந்த வாட்டத்தில் அதிர்கிறதோ, அதற்கு இணையாக நம் கம்பியும் இருந்தால்தான் சிக்னல் முழுமையாக இறங்கும். பாடநூல்கள் தளவிளைவு என்று சொல்லும் இந்த அதிர்வு வாட்டத்தைத்தான் ரேடியோ ஆர்வலர்கள் போலரைசேஷன் என்கிறார்கள். கம்பி 45 பாகை விலகினால் கிடைக்கும் திறன் பாதியாகும், அதாவது 3 டெசிபல் இழப்பு. 90 பாகை விலகினால் கணக்குப்படி ஒன்றுமே கேட்கக் கூடாது. ஆனால் சுவரிலும் தரையிலும் பட்டுத் திரும்பும் அலைகள் வாட்டம் மாறி வருவதால் ஏதோ கொஞ்சம் கேட்கிறது.

கார்களின் செங்குத்துக் கம்பிக்கும் வீடுகளின் கிடைமட்ட ஆன்டெனாவுக்கும் ஒருசேர எட்டட்டும் என்று பல நிலையங்கள் வட்டப் போலரைசேஷனில், அதாவது மின்புலம் சுழன்றுகொண்டே வரும்படி, ஒலிபரப்புகின்றன. அப்படியானால் கம்பியை எப்படி வைத்தாலும் ஒன்றுதானே என்று கேட்பீர்கள். திறந்தவெளியில், கம்பியின் முனை நிலையத்தை நோக்காத வரை, அது சரி. அறைக்குள் பட்டுத் திரும்பும் அலைகள் கலந்துவிடுவதால், சாய்த்துப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். 100 மெகாஹெர்ட்ஸில் அலைநீளம் 3 மீட்டர்; ஆகவே சிக்னல் செத்துக் கிடக்கும் புள்ளியிலிருந்து அதில் கால் பங்கு, அதாவது முக்கால் மீட்டர், தள்ளி வைத்தாலே தெளிவாகக் கேட்க வாய்ப்புண்டு.

நான் முதலில் வாங்கியது ஒரு பூஸ்டர். வீண் செலவு. சிக்னலோடு சேர்த்து இரைச்சலையும் அது பெருக்கியது. இதோ, அதற்குப் பதிலாக நான் செய்த டைபோல்: சுமார் 72 சென்டிமீட்டர் நீளமுள்ள இரண்டு கம்பிகளை ஒரே நேர்கோட்டில் நீட்டி, நடுவிலிருந்து ரேடியோவின் ஆன்டெனா இணைப்புக்கு ஒயர் கொண்டுவந்திருக்கிறேன். இதைக் கிடைமட்டமாகக் கட்டும்போது கம்பியின் முனைகள் நிலையத்தை நோக்கி இருக்கக் கூடாது. முனைகளின் திசையில் டைபோலுக்குக் காது கேட்காது. உடல் பக்கத்தில் இருந்தாலே சிக்னல் மாறும் என்பதால், கட்டிய பிறகு இரண்டடி தள்ளி நின்று கேளுங்கள்.

அப்போதும் இரைச்சல் மிஞ்சினால், ஸ்டீரியோவிலிருந்து மோனோவுக்கு மாற்றிவிடுங்கள். செய்தி கேட்க அதுவே போதும்.